காற்றேற்றி பூட்டிய லொறி எஞ்சினும் கப்பி விட்டக் கணக்கும்

அடுப்பில் ஈரவிறகு புகைந்து கண்ணைக் கரிக்கும்போது ஊதுகுழலை எடுத்து ஊதுவது நம் இல்லங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த முறை. விறகை மேலும் மேலும் திணிப்பதால் நெருப்பு எழுவதில்லை. காற்றுச் சென்றால்தான் எழும். கொல்லனுடைய துருத்தி செய்வதும் இக்காரியமே. மோட்டார் எஞ்சினும் ஒருவகை உலைக்களந்தான். ஓர் இறாத்தல் பெற்றோல் செவ்வையாக எரிந்து முடிய ஏறத்தாழ 14.7 இறாத்தல் காற்று வேண்டும். பெற்றோலை வேண்டிய அளவு உட்செலுத்துதல் எளிது. அஃது ஒரு திரவம், சிறிய இடத்தில் அடங்குவது. காற்றை உட்செலுத்துவதே அரிது. ஆதலால் எஞ்சினின் வலுவுக்கு எல்லை வகுப்பது அது மூச்சிழுக்கும் காற்றே எனலாம்.

நம் கல்லூரியிற் பௌதிகமும் பிரயோக கணிதமும் பயின்று, பின்னர் இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த பழைய மாணவர் பலர் இவ் விழா மலரைப் படிப்பர். அவர்கட்கும், இன்று மேல்வகுப்புகளிற் பயிலும் இளையோர்க்கும் ஒருங்கே பயன்படும் வண்ணம், காற்றேற்றி பூட்டிய லொறி எஞ்சினுக்குக் கப்பியின் விட்டத்தைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். பொருள் சிறிதென எண்ணற்க. அரை அங்குல வேறுபாட்டால் ஓர் எஞ்சின் முழுவதும் பாழாவதுண்டு. பாரம் இழுத்துச் செல்லும் வண்டி மலைப்பாதையின் நடுவே, பின்னால் வருவோர்க்கும் ஆபத்தாக, நின்றுவிடுவதுமுண்டு.

சுப்பர் சார்ஜர் என வழங்கும் பொறியையே நாம் காற்றேற்றி என்கின்றோம். சாதாரண எஞ்சின் தன் முசலம் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தினால் காற்றை உறிஞ்சுகின்றது. வளிமண்டல அமுக்கம், அதாவது கடல்மட்டத்திற் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல், தள்ளுகின்ற அளவுக்கு மேல் காற்று உள்ளே புகாது. காற்றேற்றியோ காற்றை வலிந்து உள்ளே செலுத்துகின்றது. அதனைச் சுழற்றுவது எஞ்சினே. கிராங்குத் தண்டின் முனையில் ஒரு கப்பி, காற்றேற்றியின் அச்சில் மற்றொரு கப்பி, இரண்டையும் இணைக்கும் ஒரு வார். இவ்விரு கப்பிகளின் விட்டங்களே காற்றேற்றி எவ்வளவு விரைவாகச் சுழலவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இப்பொறியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொனேர்ஸ்வில் என்னும் ஊரில் வாழ்ந்த பிலாண்டர் றூட்ஸ், பிரான்சிஸ் றூட்ஸ் என்ற உடன்பிறந்தார் இருவர் 1860ஆம் ஆண்டில் இதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். அப்போது மோட்டார் வண்டியே இல்லை. உலைகளுக்குக் காற்றூதவும் சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் அளிக்கவுமே அது பயன்பட்டது. எஞ்சினுக்குள் காற்றை வலிந்து ஏற்றும் எண்ணத்துக்கு யேர்மனியின் கொட்லீப் டைம்லர் 1885இல் உரிமை பெற்றார். 1921இல் பேர்ளின் கண்காட்சியில் மெர்சிடிஸ் கார்கள் காற்றேற்றியுடன் வைக்கப்பட்டன. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1938இல் வெளியிட்ட 71 என்னும் வரிசை ஈரடிப்பு டீசல் எஞ்சின்களில் றூட்ஸ் ஊதி இன்றியமையாத உறுப்பு. அஃது இல்லாவிடின் எரிந்த புகை உருளையை விட்டு வெளியேறாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், லொறிகளிலும் படகுகளிலும் இருந்து கழற்றப்பட்ட அவ்வூதிகளை அமெரிக்க இளைஞர் தம் பழைய கார்களில் வாரும் கப்பியும் கொண்டு பூட்டத் தொடங்கினர். கப்பி விட்டத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் கலை அவர்களிடத்தே வளர்ந்தது.

நம் நாட்டவர்க்கும் இவ்வூதி அந்நியமன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா 1954ஆம் ஆண்டு முதல் இலங்கைப் புகையிரதப் பகுதிக்கு வழங்கிய எம்-2 வகை டீசல் இயந்திரங்கள் ஈரடிப்பு எஞ்சின் உடையவை. அவற்றினுள்ளும் றூட்ஸ் ஊதிகளே காற்றைச் செலுத்தின. ‘ஒன்ராறியோ’, ‘அல்பேட்டா’ எனக் கனடிய மாகாணங்களின் பெயர் பூண்ட அவ்வியந்திரங்கள் புகையிரத நிலையத்தினுள் நுழையும்போது எழுப்பிய முழக்கத்தை நம்மிற் பலர் கேட்டுள்ளோம். ஆயின் அவற்றின் ஊதிகளைச் சுழற்றியவை பற்சில்லுகள். பற்சில்லின் விகிதத்தைத் தொழிற்சாலையார் ஒருமுறை வகுத்துவிட்டால் ஓட்டுவோர் மாற்றுவதற்கில்லை. வாரும் கப்பியும் வந்த பின்னரே மாற்றும் உரிமையும், அதனோடு மாற்றிக் கெடுக்கும் வாய்ப்பும், எல்லார்க்கும் கிட்டின.

விளக்கத்துக்கு ஓர் உண்மையான வண்டியை எடுத்துக்கொள்வோம். போர்ட் நிறுவனம் 1999 முதல் 2004 வரை விற்ற எஃப்-150 லைற்னிங் என்னும் சிறு லொறி இவ்வகையிற் பெயர்பெற்றது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஓக்வில் நகரில் அது பூட்டப்பட்டது. ரொறன்ரோவில் வாழும் நம் பழைய மாணவர்க்கு அஃது அயலூரே. எட்டு உருளைகளையுடைய அதன் எஞ்சின் 5.4 லீற்றர் கொள்ளளவு உடையது. காற்றேற்றி ஈற்றன் நிறுவனத்தாரின் எம்-112. எண்ணே அதன் அளவைக் கூறும்: சுழலி ஒருமுறை சுற்றினால் 112 கன அங்குலம், அதாவது 1.835 லீற்றர் காற்றை அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அள்ளிச் செல்லும். தொழிற்சாலையில் வகுத்த ஏற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 8 இறாத்தல். முதலில் 360 பரிவலுவும், 2001 முதல் 380 பரிவலுவும் அவ்வெஞ்சினுக்கு உரியனவாகக் கூறப்பட்டன. காற்றேற்றி இல்லாத அதே கொள்ளளவுடைய எஞ்சினில் நெருக்கல் விகிதம் 9 ஆக இருக்க, இதனில் 8.4 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. ஏன் குறைத்தனர் என்பது பின்னர் விளங்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கிராங்குக் கப்பியின் விட்டத்தைக் காற்றேற்றிக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் வருவது சுழற்சி விகிதம். கீழே 7 அங்குலம், மேலே 3.5 அங்குலம் எனின் விகிதம் 2. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுற்றும்போது காற்றேற்றி 10,000 முறை சுற்றும். இவ்விட்டங்கள் கணக்கு இலகுவாக இருத்தற்பொருட்டு நாம் கொண்டவை; எஞ்சினின் கொள்ளளவும் காற்றேற்றியின் கொள்ளளவும் மட்டும் மெய்யான வண்டிக்குரியவை.

நான்கடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே தன் முழுக் கொள்ளளவையும் நிரப்புகின்றது. ஆகவே ஒரு சுற்றுக்கு 2.7 லீற்றர். வால்வுகளின் இடுக்கிலும் குழாய்களின் வளைவிலும் ஏற்படும் தடையால் நூற்றுக்கு 85 பங்கே நிரம்பும் எனக் கொள்வோம், ஆகவே 2.295 லீற்றர். காற்றேற்றி அதே நேரத்தில் இரண்டு முறை சுற்றி 3.67 லீற்றர் அள்ளும். சுழலிகளின் இடைவெளியாற் பின்கசியும் பங்கை நூற்றுக்கு 15 எனக் கழித்தால் 3.12 லீற்றர். எஞ்சின் 2.295 லீற்றரே ஏற்கும் இடத்துக்கு 3.12 லீற்றர் காற்று வந்து சேர்கின்றது. வேறு போக்கிடம் இல்லாமையால் அது நெருங்கி அடர்த்தி 1.36 மடங்கு ஆகின்றது. வெளிக்காற்று 27 பாகை செல்சியஸ், குளிர்த்தியைக் கடந்து எஞ்சினுட் புகும் காற்று 60 பாகை எனின், அந்த வெப்பத்தையும் சேர்த்துக் கணிக்க, அமுக்க விகிதம் 1.51 ஆகும். வளிமண்டலத்துக்கு மேலான ஏற்றமுக்கம் 7.5 இறாத்தல்.

மேற்கப்பியை 3.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகக் குறைத்தால் என்னாகும்? விகிதம் 2.33. காற்றேற்றியின் வேகம் ஆறிலொரு பங்கு கூடுகின்றது. காற்று 3.64 லீற்றர், அடர்த்தி 1.59 மடங்கு. காற்று மேலும் சூடாவதால் உட்புகும் வெப்பநிலை 70 பாகை எனக் கொண்டால், ஏற்றமுக்கம் ஏறத்தாழ 12 இறாத்தல். அரை அங்குலத்தைக் கடைந்தெடுத்ததற்கு நாலரை இறாத்தல் அமுக்கம்! மேற்கப்பியைத் தொடாமற் கீழ்க்கப்பியை ஓர் அங்குலம் பெருக்கி 8 ஆக்கினும் விகிதம் 2.29 தான். சிறிய கப்பியிற் செய்யும் சிறு மாற்றம் பெரிய விளைவைத் தரும் என்பதை இளையோர் மனத்தில் இருத்துக. கப்பி சிறுக்கச் சிறுக்க இவ்விளைவு மேலும் கூர்மையாகும். 3.5 இலிருந்து 3க்கு இறங்க வேகம் நூற்றுக்கு 17 கூடுகின்றது. 3 இலிருந்து 2.5க்கு இறங்கினால் நூற்றுக்கு 20.

இவ்விடத்திற் பலர் கணக்கை மூடிவிட்டுக் கடைக்குப் போய்விடுகின்றனர். காற்று நூற்றுக்கு 17 கூடினால் வலுவும் அவ்வளவு கூடும் என்பது அவர்தம் எண்ணம். காற்றேற்றியைச் சுழற்ற வேண்டிய வலுவை அவர்கள் கருதுவதில்லை.

றூட்ஸ் வகை ஊதி காற்றைத் தன்னுள்ளே நெருக்குவதன்று. மடல்களின் இடைவெளியிற் காற்றை அடைத்துக் கொண்டுபோய் மறுபுறத்திற் கொட்டுவதே அதன் தொழில். கொட்டுமிடத்தில் ஏற்கெனவே இருக்கும் அமுக்கத்தை எதிர்த்துத் தள்ளவேண்டும். ஆதலின் அதற்கு வேண்டிய வலு, ஏற்றமுக்கத்தை அது செக்கனுக்கு அள்ளும் கனவளவாற் பெருக்கினால் வரும். முதற் கப்பியில், எஞ்சின் 5,000 சுற்றில், இது 15.8 கிலோவாற்று, அஃதாவது 21 பரிவலு. இரண்டாவது கப்பியில் 29.3 கிலோவாற்று, 39 பரிவலு. உராய்வை இன்னும் சேர்க்கவில்லை. வேகம் ஆறிலொரு பங்கே கூடியது. ஊதி உண்ணும் வலுவோ ஏறத்தாழ இரு மடங்காயிற்று. காரணம் வெளிப்படை: அள்ளும் அளவும் கூடிற்று, எதிர்க்கும் அமுக்கமும் கூடிற்று.

இவ்வலு முழுவதும் வாரின் வழியாகவே செல்லவேண்டும். கீழ்க்கப்பி மாறாததால் வாரின் வேகம் மாறவில்லை, செக்கனுக்கு 46.5 மீற்றர். வலுவை வேகத்தால் வகுக்க, வாரின் இழுவை முதலில் 340 நியூற்றன், பின்னர் 630 நியூற்றன். ஏறத்தாழ 35 கிலோகிராம் பாரத்தைத் தாங்கிய வார் இப்போது 64 கிலோகிராம் பாரத்தைத் தாங்குகின்றது. தாங்கும் பரப்போ குறைந்துவிட்டது. வார் கப்பியின் அரைவட்டத்தைத் தழுவுகின்றது எனின், 3.5 அங்குலக் கப்பியில் தொடும் நீளம் 5.5 அங்குலம்; 3 அங்குலக் கப்பியில் 4.7 அங்குலம். சுமை ஏறவும் பிடி குறையவும் வார் வழுக்காமல் என்செய்யும்?

வழுக்கும் வாரை அறிவது கடினமன்று. எஞ்சின் வேகம் ஏறும்போது அமுக்கமானி ஓரளவுவரை ஏறிப் பின்னர் அசையாது நிற்கும், அல்லது இறங்கும். கப்பியின் தவாளிப்புகள் கண்ணாடிபோல் மினுங்கும். சுற்றுப்புறத்தில் கரிய ரப்பர்த் தூள் படிந்திருக்கும். இதைக் கண்டவுடன் சிலர் இன்னும் சிறிய கப்பியைப் பூட்டுவர்; அமுக்கம் போதாமையே குறை என்று எண்ணுவர் போலும். அதனால் வழுக்கல் மிகுமேயன்றிக் காற்று மிகாது. செய்யவேண்டியது வாரின் பிடியைக் கூட்டுவது. தாங்குகப்பி ஒன்றைத் தக்க இடத்திற் பொருத்தி, வார் மேற்கப்பியை மேலும் சுற்றித் தழுவச் செய்யலாம். அல்லது தவாளிப்பு எண்ணிக்கை கூடிய அகன்ற வாருக்கு மாறலாம். இவ்வகை வார்களில் ஒரு தவாளிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 3.56 மில்லிமீற்றர், ஆறு தவாளிப்பு வாரினும் எட்டுத் தவாளிப்பு வார் மூன்றிலொரு பங்கு அகலம் கூடியது. வாரை அளவுக்கு மீறி இறுக்குவது மட்டும் ஆகாது. இறுக்கம் நேரே காற்றேற்றியின் முன் பேரிங்கையும் கிராங்குத் தண்டின் முன் பேரிங்கையும் தாக்கும்.

பற்களையுடைய வாரும் உண்டு. பழைய 6-71 ஊதிகளைப் பந்தயக் கார்களிற் பூட்டுவோர் அதனையே விரும்புவர். அதில் வழுக்கல் இல்லை; விகிதத்தை விட்டத்தால் அன்றிப் பற்களின் எண்ணிக்கையாற் கணிக்கலாம். கீழே 57 பல், மேலே 50 பல் எனின் விகிதம் 1.14. நீண்ட பயண லொறிக்கு அதன் இரைச்சல் ஒவ்வாது என்பது எம் கருத்து.

பெரும்பாலான வண்டிகளில் ஒரே வார் காற்றேற்றியை மட்டுமன்றி நீர்ப்பம்பி, மின்பிறப்பாக்கி, திசைதிருப்பிப் பம்பி ஆகியவற்றையும் ஓட்டுகின்றது. கீழ்க்கப்பியைப் பெருக்கினால் இவை யாவும் அதே விகிதத்தில் விரையும். கேளாத விருந்தினர்க்கும் சோறு படைத்தது போலாம். மேலும் கிராங்குக் கப்பி பலவற்றில் தண்டின் முறுக்கதிர்வை அடக்கும் ரப்பர் வளையமும் அடங்கியுள்ளது. அதைக் கழற்றி வெறும் உலோகத் துண்டை மாட்டுவது தண்டு முறிவதற்கு வழிகோலும். ஆதலால் மேற்கப்பியில் முதலில் தொடங்குக. மேற்கப்பி சிறுத்து வாரின் பிடி தளரும் எல்லைக்கு வந்த பின்னரே, அதிர்வடக்கியோடு கூடிய பெரிய கீழ்க்கப்பியை நாடுக. அவ்வாரே அறுந்துவிடின் காற்றேற்றி நிற்பதோடு நீர்ப்பம்பியும் நிற்கும். திசைதிருப்பி கல்லாகக் கனக்கும். இறக்கத்திற் பாரத்தோடு வரும் சாரதிக்கு அது விளையாட்டன்று.

இனி வெப்பம். இதுவே லொறிக்கு உயிர்நிலை. காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் அறிவர். திறன் நூற்றுக்கு 60 உடைய ஊதியில் 27 பாகைக் காற்று, முதற் கப்பியில் ஏறத்தாழ 90 பாகையாகவும் இரண்டாவது கப்பியில் ஏறத்தாழ 120 பாகையாகவும் வெளிவரும். குளிர்த்தி முன்னர் 30 பாகையைக் கழற்றினாற் போதும். இப்போது 50 பாகையைக் கழற்றவேண்டும், அதுவும் கூடிய அளவு காற்றிலிருந்து. லைற்னிங் வண்டியில் இக்குளிர்த்தி நீரால் இயங்குவது. நீர் தண்ணென்றிருக்கும் முதற் சில செக்கன்களில் எல்லாம் செம்மையாகத் தோன்றும். பந்தயத்தில் கால் மைல் ஓடி நிற்பவனுக்கு அவ்வளவே தேவை. படகையோ வீட்டுவண்டியையோ பின்னே கட்டி அரைமணி நேரம் ஏற்றத்தில் இழுப்பவனுக்கோ நீரும் சூடாகிவிடும். அதன்பின் குளிர்த்தி பெயரளவிலேயே குளிர்த்தி. ஒரே வண்டி, ஒரே காற்றேற்றி. ஆயினும் இருவருக்கும் உரிய கப்பி வேறு வேறு.

சூடான காற்று ஏன் தீது? அடர்த்தி குறைவது ஒரு காரணம், அது சிறிது. பெரிது வேறு. உருளைக்குள் 8.4 மடங்கு நெருக்கப்படும்போது, 60 பாகையில் உட்புகுந்த காற்று ஏறத்தாழ 430 பாகையை அடையும். 70 பாகையிற் புகுந்தது 450ஐ அடையும். குளிர்த்தி செயலற்று 120 பாகையிற் புகுந்தால் 550ஐத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில், பொறி மூட்டிய சுடர் சென்று சேருமுன்னரே மூலையிற் கிடக்கும் கலவை தானே தீப்பற்றி வெடிக்கும். சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலி கேட்கும். முசலத்தின் விளிம்பு உடைவதும், வளையங்கள் நொறுங்குவதும், இணைதண்டு வளைவதும் இதனாலேயே. நெருக்கல் விகிதத்தைத் தொழிற்சாலையார் 9 இலிருந்து 8.4க்கு இறக்கியது இவ்வாபத்தை முன்னுணர்ந்தே. கப்பியைச் சிறுப்பிப்பவன் அவர்கள் விட்டுவைத்த பாதுகாப்பைக் கடன்வாங்கிச் செலவழிக்கின்றான். பொறியைப் பிந்தி மூட்டலாம். ஆனால் பிந்தப் பிந்த வலு குறையும், புகைபோக்கி சூடேறும். ஒக்ரேன் எண் கூடிய பெற்றோலை ஊற்றலாம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: அமெரிக்கப் பம்பிகளில் எழுதப்படும் எண் இரு பரிசோதனைகளின் சராசரி. அங்கே 91 எனப்படுவது நம் நாட்டு 95க்கு ஏறத்தாழ நிகரானது. அமெரிக்கர் எழுதிய அட்டவணையை நம்பி, இங்குள்ள 92ஐ அதற்குப் போதுமெனக் கொள்ளலாகாது.

எரிபொருளும் காற்றைப் பின்தொடர வேண்டும். காற்று 1.36 இலிருந்து 1.59க்கு ஏறினால் பெற்றோலும் அதே விகிதத்தில், நூற்றுக்கு 17, ஏறவேண்டும். பீச்சுகுழல்கள் ஏற்கெனவே முழுத்திறனுக்கு அணித்தாக இயங்குகின்றன எனின் கப்பியை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை, நிறைபாரத்தில், ஒரு முசலத்தை உருக்கச் சில செக்கன்களே போதும்.

அமுக்கமானியைப் பற்றி ஒரு சொல். அதன் முள் கூடக் காட்டினால் எஞ்சின் கூடக் குடிக்கின்றது என்று பலர் மகிழ்கின்றனர். மானி காட்டுவது எஞ்சின் ஏற்க மறுத்து வாசலில் தேங்கிய காற்றின் நெருக்கத்தையே. அகன்ற புகைக்குழாயும் நல்ல வால்வும் பொருத்தினால் அதே கப்பியில் மானி இறங்கும், வலு ஏறும். முள் இறங்கியதே என்று கவன்று மீண்டும் கப்பியைச் சிறுப்பித்தோரையும் நாம் கண்டுள்ளோம்.

மானியை மட்டும் நம்புவதன் கேடு மலைநாட்டில் நன்கு விளங்கும். றூட்ஸ் ஊதி ஏறத்தாழக் காத்துத்தருவது அமுக்க விகிதத்தை, அமுக்க வேறுபாட்டையன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலான உயரத்தில் மலையைத் துளைத்துச் செல்கின்றது. அங்கே வளியமுக்கம் ஏறத்தாழ 9.7 இறாத்தல். நமது முதற் கப்பியின் விகிதம் 1.51 ஆதலால், கடல்மட்டத்தில் 7.5 காட்டிய மானி அங்கே 5 மட்டுமே காட்டும். இருந்தும் அது பழுதன்று. காற்றேற்றி இல்லாத எஞ்சின் அவ்வுயரத்திற் தன் மூச்சில் மூன்றிலொன்றை இழந்து திணற, இது கடல்மட்டத்துச் சாதாரண எஞ்சினின் நூற்றுக்கு 90 பங்கு காற்றைப் பெறும். மலையேறும் லொறிக்குக் காற்றேற்றி செய்யும் பேருதவி இதுவே.

ஆபத்து எதிர்த்திசையில் உள்ளது. அம்மாநிலத்தின் தலைநகரான டென்வர் 5,280 அடி உயரத்தில் உள்ளது, வளியமுக்கம் 12.1 இறாத்தல். அவ்வூர் வாசி ஒருவர் தம் மானி 8 காட்டும்வரை கப்பியைச் சிறுப்பித்துத் திருப்தி அடைகின்றார் எனக் கொள்வோம். விகிதம் 1.66 ஆகிவிட்டது. பின்னர் அவர் கோடையில், பாரத்தோடு, ஹூஸ்ரன் நகரின் கடற்கரைச் சமவெளிக்கு இறங்குகின்றார். மானி இப்போது 9.7 காட்டும், காற்றும் 35 பாகைக்கு மேற் சூடாயிருக்கும். அவர் ஒன்றும் செய்யவில்லை, கப்பியைத் தொடவுமில்லை. ஆயினும் எஞ்சின் அடிக்கத் தொடங்கிவிட்டது. நுவரெலியாவிற் பழகிய வண்டியைக் கொழும்புக்கு இறக்குவதும் சிறிய அளவில் இத்தகையதே. ஆதலால் கப்பியைத் தெரிவு செய்யும்போது வண்டி செல்லக்கூடிய மிகத் தாழ்ந்த இடத்தையும், மிக வெப்பமான நாளையும், மிகக் கூடிய பாரத்தையுமே கணக்கிற் கொள்ளவேண்டும்.

வேக எல்லையையும் இதேபோல் நோக்குக. காற்றேற்றி ஒவ்வொன்றுக்கும் அதனைச் செய்தோர் ஒரு மீயுயர் சுழற்சியை வகுத்துள்ளனர். அதற்குமேல் சுழலிகள் விரிந்து உறையை உரசும். பேரிங்கு எண்ணெய் காய்ந்துவிடும். விகிதம் 2.33 எனின் 5,000 சுற்றில் 11,667. ஆனால் கியர் மாற்றும் கணத்தில் எஞ்சின் 5,500 வரை பாய்ந்தால் 12,833. வலு மிகும் சுற்றையன்று, எஞ்சின் என்றேனும் எட்டக்கூடிய உச்சச் சுற்றையே விகிதத்தாற் பெருக்கிப் பார்க்கவேண்டும்.

இதுகாறும் கூறியவை றூட்ஸ் வகைக்கு உரியன. மையநீக்க வகைக் காற்றேற்றியில் அமுக்க ஏற்றம் வேகத்தின் வர்க்கத்தோடு செல்லும். வேகம் ஆறிலொரு பங்கு கூடினால் அமுக்கம் நூற்றுக்கு 36 கூடும். தாழ்ந்த சுற்றில் அது பெரிதும் உறங்கிக் கிடப்பதால், பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து புறப்படும் லொறிக்கு றூட்ஸ் வகையையே நாம் விரும்புவோம்.

எனவே பாரம் இழுக்கும் வண்டிக்கு நாம் 3 அங்குலக் கப்பியைத் தெரியமாட்டோம். 3.25 அங்குலத்தில் விகிதம் 2.15, வேகம் நூற்றுக்கு 8 மட்டும் கூடும். குளிர்த்தியின் நீர்ச்சுற்றைப் பெருக்கி, பீச்சுகுழல்களின் தாங்குதிறனைச் சோதித்த பின் அவ்வளவிற் பொறுத்திருப்போம். நீண்ட ஏற்றத்தில், சூடேறிய நிலையில், வெப்பமானி எங்கே நின்றது என்பதைப் பார்த்த பின்னரே அடுத்த கால் அங்குலத்தைப் பற்றிப் பேச்சு.

கப்பியை அளக்கும்போது இரு கப்பிகளையும் ஒரே முறையில் அளக்க: இரண்டிலும் தவாளிப்பின் மேல்விளிம்புக்கு விளிம்பு, அல்லது இரண்டிலும் வார் தங்கும் வட்டம். ஒன்றில் ஒன்றும் மற்றதில் மற்றதுமாக அளந்தால் விகிதம் பிழைக்கும். மேற்கப்பி அரை அங்குலம் சிறுத்தால், அரைவட்டத் தழுவலுக்கு வார் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் நீளமாகிப் போகும். இழுப்பான் அதனைத் தாங்கும் எல்லைக்குள் இருக்கின்றதா எனப் பார்த்து, இல்லையேல் அந்த அளவு குறுகிய வாரைக் கடையிற் கேட்டு வாங்குக. புதிய வார் முதற் சில நாள் ஓட்டத்திற் சற்று நெகிழும்; மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சோதித்த பின்னரே பாரம் ஏற்றுக.